எங்கே நிற்பது என்று உடலுக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். விரல் நுனிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடியும். இதில் என்ன ஆச்சரியம் என்று தோன்றலாம். இடது கை எலும்புக்கும் வலது கை எலும்புக்கும் நடுவே நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. பதினைந்து, பதினாறு வருடங்கள் இரண்டும் தனித்தனியாகவே நீண்டிருக்கின்றன. "நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், நீயும் வா" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை. அப்படியிருந்தும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நின்றுவிட்டன.

வளர்ச்சி என்றதும் நாம் முதலில் கேட்பது எது வளர வைக்கிறது என்பதைத்தான். சத்துணவு, ஹார்மோன், மரபணு என்று பதில் வரும். எது நிறுத்துகிறது என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. உண்மையில் அதுதான் கடினமான கேள்வி. பாக்டீரியா போன்ற ஒற்றைச் செல் உயிர்கள் உணவும் இடமும் இருக்கும்வரை பிரிந்துகொண்டே போகும். கோடிக்கணக்கான செல்கள் ஒரே உடலாகச் சேர்ந்து வாழத் தொடங்கியபோதுதான் தடுப்பு அவசியமானது. தூண்டும் சமிக்ஞைகள் முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. ரீட்டா லெவி-மொன்டால்சினி கண்டுபிடித்த நரம்பு வளர்ச்சிக் காரணி கிடைக்காவிட்டால் சில வகை நரம்பு செல்கள் செத்தே போகும். ஆனால் வளர்ச்சிக் கோளாறு, புற்றுநோய் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு பிரேக்கிலிருந்து தொடங்குவதுதான் சுலபம் என்பது என் எண்ணம்.

முதலில் சில பழைய பரிசோதனைகள். 1931-இல் விக்டர் ட்விட்டி, ஜோசப் ஷ்விண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாலமாண்டர் எனப்படும், பல்லி போலத் தெரியும் நீர்நில வாழ்விகளில் ஒரு வேலை செய்தார்கள். ஒரு இனம் பெரியது, இன்னொன்று சிறியது. கரு நிலையிலேயே இரண்டின் கால் மொட்டுகளையும் வெட்டி மாற்றி ஒட்டிவைத்தார்கள். சிறிய சாலமாண்டரின் உடலில் பெரிய இனத்தின் கால் பெரிதாகவே வளர்ந்தது. பெரியதன் உடலில் ஒட்டப்பட்ட சிறிய கால் சிறிதாகவே நின்றது. இரண்டு கால்களுக்கும் புது வீட்டின் ரத்தமும் ஹார்மோனும்தான் கிடைத்தன. ஆனாலும் எவ்வளவு வளர்வது என்பதை அந்தக் கால் தன்னோடு கொண்டுவந்திருந்தது.

அப்படியானால் ஒவ்வொரு உறுப்பும் தன் அளவைத் தானே வைத்திருக்கிறதா? எல்லாம் அப்படியில்லை. 1960-களில் ஆஸ்திரேலியாவின் டொனால்ட் மெட்காஃப் ஒரு எலிக்குள் பல கரு எலிகளின் தைமஸ் சுரப்பிகளை (நோய் எதிர்ப்பு செல்கள் முதிரும் இடம்) பொருத்தினார். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு முழு அளவுக்கு வளர்ந்தது. அதே மாதிரி பல மண்ணீரல்களைப் பொருத்தியபோது கதை மாறியது. எல்லா மண்ணீரல்களும் குட்டையாகவே நின்றன, அவற்றின் மொத்த எடை ஒரு சாதாரண மண்ணீரலின் எடை அளவுக்கு வந்தது. மண்ணீரலைப் பொறுத்தவரை உடல் மொத்தக் கணக்கைப் பார்க்கிறது. தைமஸைப் பொறுத்தவரை அப்படி ஒரு கணக்கே இல்லை.

கல்லீரல் மொத்தக் கணக்குப் பார்க்கும் ரகம். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பழைய எடை திரும்பிவிடும். வெட்டிய மடல்கள் மறுபடி முளைப்பதில்லை, மிச்சம் இருக்கும் மடல்கள்தான் பெருக்கின்றன. அதாவது உடல் மீட்டெடுப்பது வடிவத்தை இல்லை, வேலை செய்யும் திறனை. சிறிய நாயின் கல்லீரலைப் பெரிய நாய்க்குப் பொருத்தினால் அது பெரிய நாய்க்குப் போதுமான அளவுக்கு வளர்கிறது. உயிரோடிருக்கும் மனிதர் ஒருவர் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் தானம் செய்ய முடிவதற்குக் காரணமும் இதுதான். கல்லீரல் போதவில்லை என்பது எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒரு பதில் பித்த அமிலங்கள். அவற்றைக் கையாளப் போதுமான செல்கள் இல்லாதபோது அவை தேங்கி, மிச்சமுள்ள செல்களைப் பிரியச் சொல்கின்றன. செல்கள் போதுமான அளவு பெருகியதும் தேக்கம் குறைகிறது, உத்தரவும் அடங்குகிறது. அளக்க ஒரு அளவுகோல் தேவைப்படவில்லை, வேலை முடிந்ததா என்று பார்த்தாலே போதும்.

ஈயின் கண்ணில் கிடைத்த பிரேக்

செல்லுக்குள் இந்த நிறுத்தம் எப்படி நடக்கிறது என்பதற்கான பெரிய துப்பு பழ ஈயிலிருந்து வந்தது. சில மரபணுக்கள் பழுதானால் ஈயின் கண், தலை, இறக்கை எல்லாம் அளவுக்கு மீறிப் பெருத்துவிடுகின்றன என்பதை 1995 முதல் ஆய்வாளர்கள் கவனித்துவந்தார்கள். 2003-இல் அந்த வரிசையில் ஒரு முக்கிய மரபணுவைப் பல ஆய்வகங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. அது பழுதான ஈக்களின் தலைப்பகுதி நீர்யானையின் தோல் போல மடிந்து தடித்திருந்ததால் 'ஹிப்போ' என்று பெயர் வைத்தார்கள். ஒன்றை ஒன்று இயக்கும் அந்தப் புரதங்களின் மொத்தச் சங்கிலிக்கும் இப்போது அதுவே பெயர்.

சங்கிலியின் வேலை சுருக்கமாக இவ்வளவுதான். யாப் என்று ஒரு புரதம் உண்டு. அது செல்லின் உட்கருவுக்குள் நுழைந்தால், பிரிவதற்கும் சாகாமல் இருப்பதற்கும் வேண்டிய மரபணுக்களை இயக்கிவிடும். ஹிப்போ சங்கிலி விழித்திருந்தால் யாப் புரதத்தில் பாஸ்பேட் ஒட்டப்படும், அது உட்கருவுக்கு வெளியேயே நிறுத்தப்படும். ஹிப்போ தூங்கினால் யாப் உள்ளே போகும்.

2007-இல் எலிகளின் கல்லீரலில் யாப்பை வேண்டுமென்றே அதிகப்படுத்திப் பார்த்தார்கள். வழக்கமாக உடல் எடையில் 5 சதவீதம் இருக்கும் கல்லீரல் சில வாரங்களில் 25 சதவீதத்துக்கு ஊதியது. எலியின் எடையில் நாலில் ஒரு பங்கு கல்லீரல்! யாப்பை நிறுத்தியதும் கல்லீரல் சுருங்கி மறுபடியும் பழைய அளவுக்கு வந்தது. நிறுத்தாமல் நீண்ட நாள் விட்டபோது கட்டிகள் முளைத்தன. உறுப்பின் அளவுக்கும் புற்றுநோய்க்கும் இடையே இருக்கும் தூரம் எவ்வளவு குறைவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை எனக்குத் தெரிந்து குறைவு.

சரி, ஹிப்போவை எழுப்புவதும் தூங்கவைப்பதும் எது? ஒரு பங்கு, நெருக்கம். செல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு இருக்கும்போது அவற்றின் சவ்வுகளில் இருக்கும் புரதங்கள் சங்கிலியை இயக்குகின்றன. இன்னொரு பங்கு, இழுவிசை. கடினமான பரப்பில் நன்றாகப் பரந்து ஒட்டியிருக்கும் செல்லில் யாப் உட்கருவுக்குள் போகிறது. மென்மையான பரப்பில் உருண்டு சுருங்கிய செல்லில் வெளியே இருக்கிறது. தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு கூடுவதற்கு இந்த இறுக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சங்கிலியின் மேல்முனையில் மெர்லின் என்ற புரதம் இருக்கிறது. அதற்கான மரபணு பிறவியிலேயே பழுதானவர்களுக்கு, காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மீது கட்டிகள் வருகின்றன. ஈயின் பெருத்த கண்ணும் மனிதனின் நரம்புக் கட்டியும் ஒரே சங்கிலியின் அறுபட்ட கண்ணிகள்.

உயரம் நிற்பது எப்படி?

கைகால் எலும்புகளுக்கு வருவோம். நீண்ட எலும்பின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அங்கே செல்கள் அடுக்கடுக்காகப் பிரிந்து, பருத்து, எலும்பாக மாறுகின்றன. குழந்தை முதல் வருடத்தில் மட்டும் சுமார் 25 செ.மீ. வளர்கிறது. அதற்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டே போகிறது, பருவ வயதில் ஒருமுறை எகிறுகிறது, அப்புறம் தட்டு எலும்பாகி மூடிவிடுகிறது.

பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஹார்மோன்தான் உயரத்துக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வோம். அது அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 272 செ.மீ. உயரத்தோடு 1940-இல் 22 வயதில் இறந்த ராபர்ட் வாட்லோவே சாட்சி. ஆனால் நிறுத்தும் வேலை வேறொரு ஹார்மோனுடையது. ஆண்களிலும் பெண்களிலும் வளர்ச்சித் தட்டை மூடச் செய்வது ஈஸ்ட்ரோஜன். ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன்தானே என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1994-இல் மருத்துவ இதழில் ஒரு 28 வயது ஆணைப் பற்றிய செய்தி வந்தது. அவர் உடலில் டெஸ்டோஸ்டிரோனுக்குக் குறைவில்லை, ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிதான் வேலை செய்யவில்லை. 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். அவருடைய எலும்பின் வயது 15 என்று எக்ஸ்ரே காட்டியது. ஆணின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்பட்டு, அதுதான் வளர்ச்சிக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி இல்லாத ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது தட்டுகள் மூடிக்கொண்டன.

வளர்ச்சித் தட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. கடுமையான நோயால் சில மாதம் வளராமல் நின்ற குழந்தை, குணமானதும் தன் வயதுக்குரிய வேகத்தைவிட வேகமாக வளர்ந்து, விட்ட தூரத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடும். யாரோ இலக்கு உயரத்தை எழுதிவைத்து அதைப் பார்த்துப் பார்த்து வளர்வது போலத் தெரியும். ஆனால் நடப்பது அதைவிட எளிமையானதாக இருக்க வேண்டும் என்பது பலர் ஏற்கும் விளக்கம். தட்டில் இருக்கும் செல்களுக்கு இத்தனை முறைதான் பிரிய முடியும் என்ற வரம்பு இருக்கிறது. நோயில் படுத்திருந்த காலத்தில் அந்தக் கையிருப்பு செலவாகவில்லை. எனவே தட்டு தன் வயதைவிட இளமையாக இருக்கிறது, இளமைக்குரிய வேகத்தில் வளர்கிறது. ஆரம்பத்தில் கேட்ட இரண்டு கைகளின் புதிருக்கும் விடையில் ஒரு பகுதி இதுவே. இரண்டும் ஒரே கையிருப்போடு கிளம்பி ஒரே ரத்தத்தில் வரும் உத்தரவைக் கேட்டு நிற்கின்றன.

பிரேக் பழுதானால் வளர்ச்சி கூடும் என்பது எதிர்பார்த்ததுதான். பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்வதும் நோயே. அகோண்ட்ரோபிளேசியா எனப்படும் குள்ளத்தன்மையில் நடப்பது அது. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஏற்பி வளர்ச்சித் தட்டில் இயல்பாகவே ஒரு தடுப்பான். அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் ஏற்பி ஓயாமல் வேலை செய்து கைகால் எலும்புகளை நீளவிடாமல் தடுத்துவிடுகிறது. இந்தக் காரணம் 1994-இல் தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள், மாற்றம் புதிதாக ஏற்பட்டது. 2021-இல் அனுமதி பெற்ற வோசோரிடைட் என்ற ஊசி மருந்து இந்த ஏற்பியின் உத்தரவைச் செல்லுக்குள் தணிக்கிறது. சோதனையில் குழந்தைகள் வருடத்துக்குச் சுமார் ஒன்றரை செ.மீ. கூடுதலாக வளர்ந்தார்கள். தட்டு மூடிவிட்டால் மருந்தால் பயனில்லை.

இதே ஏற்பி சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருந்தால் நேர்மாறாக நடந்துகொள்கிறது. அங்கே அது ஓயாமல் இயங்கினால் செல்கள் பெருகுகின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஒரு பகுதியில் இந்த மாற்றம் காணப்படுகிறது. 2019-இல் அதை அடக்கும் மருந்தும் வந்துவிட்டது. "இது வளர்ச்சி மரபணு, அது தடுப்பு மரபணு" என்று பட்டியல் போட்டு வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். ஒரே புரதம் எந்தத் திசுவில் நிற்கிறது என்பதைப் பொறுத்து பிரேக்காகவோ ஆக்சிலரேட்டராகவோ ஆகிவிடுகிறது.

செடிகளைப் பற்றி ஒரு பத்தி. நெல் நாற்றுகள் திடீரென்று மற்றவற்றைவிட உயரமாக, வெளிறி, மெலிந்து வளர்ந்து சாய்ந்துவிடும் ஒரு நோய் இருக்கிறது. 1926-இல் எய்ச்சி குரோசாவா, இதற்குக் காரணமான பூஞ்சை வெளியிடும் ஒரு பொருளே நாற்றை நீளச் செய்கிறது என்று காட்டினார். அதுதான் ஜிப்ரெல்லின். பின்னால் பார்த்தால் செடிகள் தாமே அதைத் தயாரிக்கின்றன, பூஞ்சை அதை அளவுக்கு மீறிக் கொட்டியிருக்கிறது. ஜிப்ரெல்லின் செடியை நேரடியாக இழுத்து நீட்டுவதில்லை. டெல்லா என்ற தடுப்புப் புரதங்களை அழிக்கச் செய்கிறது, தடை விலகியதால் செடி நீள்கிறது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமை இதன் மறுபக்கம். அதன் டெல்லா புரதம் ஜிப்ரெல்லின் சொல்லியும் அழியாதபடி மாறியிருந்தது. அதே புரட்சியின் குட்டை நெல் ரகமான ஐஆர்8-இல் ஜிப்ரெல்லின் தயாரிப்பே குறைவு. தண்டு குட்டையானதால் உரம் போட்டாலும் கதிரின் பாரத்தில் சாயவில்லை. பூஞ்சை பிரேக்கை எடுத்துவிட்டது நோய் என்று பெயர் பெற்றது, பிரேக் இறுகியது விளைச்சலைக் கூட்டியது.

பிரேக் அறுந்த செல்

குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோயைப் பற்றி 1971-இல் ஆல்பிரட் நட்சன் 48 நோயாளிகளின் விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். பரம்பரையாக வரும் வகை சீக்கிரம் வருகிறது, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருகிறது. மற்ற வகை தாமதமாக, ஒரு கண்ணில் வருகிறது. அப்படியானால் ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும், பரம்பரை வகைக் குழந்தை ஒரு பழுதோடு ஏற்கெனவே பிறந்துவிடுகிறது என்றார். 1986-இல் அந்த மரபணு கையில் கிடைத்தது. அதிலிருந்து வரும் ஆர்பி புரதம், செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கும் வாசலில் காவல் நிற்கிறது. அதை விலக்கும் நொதிகளைத் தடுத்து வாசலை மூடிவைக்கும் பால்போசிக்லிப் என்ற மருந்து 2015 முதல் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது.

இந்த வாசலைப் பற்றி வைரஸுக்கும் தெரியும். ஹெச்பிவி எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள, செல்லின் நகலெடுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அது வாழும் தோல் அடுக்கில் செல்கள் பிரிவதை நிறுத்தியிருக்கும். எனவே ஈ7 என்ற தன் புரதத்தால் ஆர்பியை விலக்குகிறது. இப்படிப் பிரேக் அறுந்ததைக் கண்டு செல்லைத் தற்கொலைக்கு அனுப்பும் பி53 புரதத்தை ஈ6-ஆல் அழிக்கிறது. வைரஸின் நோக்கம் புற்றுநோய் உண்டாக்குவது இல்லை. தன் பிழைப்புக்காக அது அறுத்துவிட்ட இரண்டு பிரேக்குகள், வருடங்கள் கழித்துக் கருப்பைவாய்ப் புற்றுநோயாக முடிகின்றன. தடுப்பூசி போட்டு வைரஸை நுழையவிடாமல் செய்தாலே இந்தப் புற்றுநோயைப் பெருமளவு தடுக்க முடிவது இதனால்தான்.

மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 பழுதாகியிருக்கிறது. யானையிடம் இந்த மரபணுவின் 20 பிரதிகள் இருப்பதாக 2015-இல் தெரியவந்தது, நம்மிடம் இருப்பது ஒன்றுதான் (தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் தலா ஒரு நகல்). அவ்வளவு பெரிய உடலும் நீண்ட ஆயுளும் இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அதிகம் வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் பி53-ஐக் கூட்டிவிட்டால் போதுமே என்று கேட்கத் தோன்றும். 2002-இல் இரண்டு குழுக்கள் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தன. ஒரு குழுவின் எலிகளில் பி53 எப்போதும் வழக்கத்தைவிட அதிகமாக இயங்கியது. அவற்றுக்குக் கட்டிகள் குறைவாகவே வந்தன, ஆனால் எலும்பு மெலிந்து, முதுகு கூனி, சீக்கிரமே கிழடாகிச் செத்தன. இன்னொரு குழு, மரபணுவோடு அதை எப்போது இயக்குவது, எப்போது அணைப்பது என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதிகளையும் சேர்த்துக் கூடுதல் பிரதியாகக் கொடுத்தது. அந்த எலிகளுக்கும் புற்றுநோய் குறைந்தது, முதுமை மட்டும் வழக்கமான நேரத்தில்தான் வந்தது. பிரேக்கின் பலத்தைவிட அது எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்பதே பெரிய விஷயம் என்று நான் எடுத்துக்கொள்வது இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததால்தான்.

இப்போது இந்தக் கேள்வி கூர்மையாக நிற்பது இதயத்தில். பிறந்த ஒரு நாள் ஆன எலிக்குட்டியின் இதய நுனியை வெட்டினால் அது மறுபடி வளர்கிறது, ஏழு நாள் ஆன குட்டியில் வளர்வதில்லை. மனித இதயத் தசைச் செல்களில் 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீதமும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவும்தான் புதுப்பிக்கப்படுகின்றன. மாரடைப்பில் செத்த தசை திரும்பாததற்கும், இதயத் தசையில் புற்றுநோய் மிக அரிதாக இருப்பதற்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே நிறுத்தம்.

பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினால்? 2019-இல் மாரடைப்பு வந்த பன்றிகளின் இதயத்தில், செல்களைப் பிரியத் தூண்டும் ஒரு சிறிய ஆர்என்ஏவை வைரஸ் மூலம் ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் தழும்பு குறைந்தது, இதயம் நன்றாகத் துடித்தது. ஆர்என்ஏ உற்பத்தியை நிறுத்த வழி வைத்திருக்கவில்லை. அடுத்த வாரங்களில் பெரும்பாலான பன்றிகள் இதயத்துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று இறந்தன. 2021-இல் வேறொரு குழு பன்றிகளின் இதயத்தில் ஹிப்போ சங்கிலியின் ஒரு மரபணுவை மட்டும், அடிபட்ட பகுதியின் ஓரத்தில் மட்டும் அடக்கிப் பார்த்தது. ஆய்வு நடந்த மூன்று மாதத்தில் இதயத்தின் வேலைத்திறன் கூடியது, மரணம் எதுவும் நிகழவில்லை, கல்லீரலிலும் நுரையீரலிலும் தேடிப் பார்த்ததில் கட்டி எதுவும் தென்படவில்லை. மூன்று மாதம் என்பது பன்றிக்கே குறைந்த காலம். ஒருமுறை தளர்த்திய பிரேக்கைத் தேவைப்படும்போது வெளியிலிருந்து மறுபடி பிடிக்கவைக்கும் வழியைத்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.